அத்தியாயம் 9: வெளியேறும் வழி யார் கையில்? நினைவக மீட்பில் முடியாத லூப்பைப் பிடிப்பது

கணினி திணறுகிறது. டாப் கட்டளையில் கேஸ்வாப்டி என்ற கர்னல் த்ரெட் ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்றுகொண்டிருக்கிறது. அல்லது எதுவுமே சிபியுவைத் தொடாமல், பத்துப் பதினைந்து ப்ராசஸ்கள் டி (D) நிலையில் அசையாமல் கிடக்கின்றன. இந்த இடத்தில் பெரும்பாலோர் பெர்ஃப் கருவியை ஓடவிட்டு, எந்த ஃபங்ஷன் அதிக நேரம் எடுக்கிறது என்று பார்த்து, அந்த ஃபங்ஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். சாதாரண நிரலில் இந்த வழி பலிக்கும். அங்கே லூப்பை விட்டு வெளியேறும் நிபந்தனை லூப்பின் கையிலேயே இருக்கிறது. கூட வேண்டிய ஒரு மாறி கூடவில்லை, அவ்வளவுதான். நினைவக மீட்பில் நிலைமை வேறு. அங்கே லூப் முடிய வேண்டுமென்றால் வட்டு எழுதி முடிக்க வேண்டும், லாக்கைப் பிடித்திருப்பவர் விட வேண்டும், ஓஓஎம் கில்லர் தேர்ந்தெடுத்த ப்ராசஸ் செத்துத் தொலைய வேண்டும், அல்லது வேறொரு ஃபங்ஷன் ‘போதும்’ என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சுற்றுகிற வரி நோயின் அறிகுறிதான். நோய் வேறிடத்தில், பெரும்பாலும் ஒரே கேள்விக்கு இரண்டு ஃபங்ஷன்கள் இரண்டு விடை சொல்கிற இடத்தில் இருக்கிறது. லினக்ஸ் கர்னலின் வரலாற்றில் பதிவான லூப்களை அடுக்கிப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும்: வெளியேறும் நிபந்தனை எது, அதை நிறைவேற்ற வேண்டியவர் யார், அவர் ஏன் நிறைவேற்றவில்லை?

இயக்கத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நங்கநல்லூரில் ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தொட்டியில் மட்டம் தாழ்குறிக்கு இறங்கினால் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மோட்டாரைப் போடுகிறது. உயர்குறியைத் தொட்டால் நிறுத்துகிறது. கேஸ்வாப்டியும் அப்படித்தான். நினைவகம் நோடுகளாகவும், ஒவ்வொரு நோடும் மண்டலங்களாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் அடிக்குறி, தாழ்குறி, உயர்குறி என்று மூன்று குறிகள் உண்டு. காலிப் பக்கங்கள் தாழ்குறிக்குக் கீழே போனால் கேஸ்வாப்டி எழுந்து, கோப்புப் பக்கங்களை விடுவித்தும், மற்றவற்றை ஸ்வாப்புக்கு அனுப்பியும், உயர்குறி வரை நிரப்பிவிட்டுத் தூங்கப் போகும். அதற்குள் அடிக்குறியும் தாண்டிப்போனால், நினைவகம் கேட்ட ப்ராசஸே வேலையில் இறங்க வேண்டும். இது நேரடி மீட்பு. அதுவும் பலிக்காவிட்டால் ஓஓஎம் கில்லர். மோட்டார் இரவெல்லாம் ஓடினால் மோட்டாரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா, சென்சார் இருக்கும் தொட்டியும் குழாய் விழும் தொட்டியும் ஒன்றுதானா என்றே பார்க்க வேண்டும்.

சென்சார் ஒரு தொட்டியில், குழாய் இன்னொரு தொட்டியில் என்ற கோளாறு 2011-இல் அப்படியே நடந்தது. பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது கேஸ்வாப்டி நூறு சதவீதத்தில் ஏறி, அந்தக் கோப்பை அழிக்கும் வரையோ கேஷைக் கொட்டும் வரையோ இறங்க மறுத்தது. அப்போது புதிதாக வந்திருந்த சாண்டி பிரிட்ஜ் மடிக்கணினிகளில் இது அதிகம் தெரிந்ததால் பழி முதலில் அந்த வன்பொருள் மேல் விழுந்தது. பாட்ரிக் பிராடி கொடுத்த புகாரின் பேரில் மெல் கோர்மன் தோண்டியபோது சிப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை என்று தெரிந்தது. அந்த மடிக்கணினிகளில் உச்சியில் இருந்த நார்மல் மண்டலம் தற்செயலாக மிகச் சிறியதாக அமைந்திருந்தது. மீட்புச் சுற்று ஒரு குறிப்பிட்ட மண்டலம் வரைதான் வேலை செய்தது. ‘இப்போது தூங்கலாமா’ என்று முடிவு செய்யும் பகுதியோ எல்லா மண்டலங்களையும் பார்த்துவிட்டு ‘இன்னும் இல்லை’ என்றது. வேலை ஓர் அளவுகோலில், தீர்ப்பு இன்னோர் அளவுகோலில். தனித்தனியாகப் படித்தால் இரண்டு ஃபங்ஷனிலும் பிழை கண்ணில் படாது. ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் படித்தால்தான் படும்.

சம்ப்பே வறண்டுபோன நிலை 2017-இல் வந்தது. இருக்கும் நினைவகத்தைவிட அதிகமாக ஹியூஜ் பேஜ்களைக் கேட்டால் கேஸ்வாப்டி ஓயாமல் சுற்றுகிறது என்று ஜியா ஹே தெரிவித்தார். அந்த நோடில் விடுவிக்கத்தக்க பக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை. உயர்குறியை எட்ட முடியாததால் கேஸ்வாப்டி தூங்கவும் மறுத்தது. இதில் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. மீட்கத்தக்க பக்கங்களின் எண்ணிக்கையைப் போல ஆறு மடங்கு துழாவியும் பலனில்லை என்றால் அந்த மண்டலத்தைக் கைவிடும் காவல் ஒன்று பழைய கர்னலில் இருந்தது. மீட்பை மண்டலவாரியிலிருந்து நோட்வாரியாக மாற்றியபோது அது தவறுதலாக நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் பழைய காவலைத் திரும்ப வைத்திருந்தாலும் பயனிருந்திருக்காது: துழாவுவதற்கே பக்கம் இல்லாதபோது ஆறு மடங்கு துழாவி முடிப்பது எப்படி? ஜோஹன்னஸ் வைனர் எளிய வழியை எடுத்தார். தொடர்ந்து 16 சுற்று ஓடியும் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை என்றால் கேஸ்வாப்டி அந்த நோடை விட்டு விலகிக்கொள்ளும்.

அந்தத் தீர்வே அடுத்த லூப்புக்குக் களமானது. 2024 டிசம்பரில் செய்ஜி நிஷிகாவா அனுப்பிய பேட்ச்சை இந்தத் துறையில் கால்வைக்கும் ஒவ்வொருவரும் வரிவரியாகப் படிக்க வேண்டும். நினைவகம் நெருக்கடியாகும்போது நேரடி மீட்புக்கு வரும் ப்ராசஸ்களைக் கர்னல் வாசலில் நிறுத்திவைக்கும். அவற்றை உள்ளே விடலாமா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மண்டலங்களின் காலிப் பக்கங்களைக் கூட்டி, அடிக்குறிகளின் கூட்டுத்தொகையில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்க்கும். மீட்கத்தக்க பக்கமே இல்லாத மண்டலத்தை அந்தக் கணக்கில் சேர்க்காது. கோளாறு கண்ட கணினியில் ஸ்வாப் கிடையாது. எனவே கோப்பு சாராத பக்கங்கள் மீட்கத்தக்கவையாக எண்ணப்படவில்லை. டிஎம்ஏ32 மண்டலத்தில் காலிப் பக்கங்கள் உயர்குறியைப் பல மடங்கு தாண்டிக் கிடந்தும், மீட்கத்தக்க பக்கம் பூஜ்யம் என்று கணக்கு வந்ததால் அந்த மண்டலம் விடப்பட்டது. நெருக்கடியில் இருந்த நார்மல் மண்டலம் மட்டும் கணக்கில் நின்றது. விடை ‘உள்ளே விடாதே’. மறுபக்கம் கேஸ்வாப்டியின் அளவுகோல் வேறு. ஏதேனும் ஒரு மண்டலம் நலமாக இருந்தாலே நோடு முழுதும் நலம் என்பது அதன் தீர்ப்பு. டிஎம்ஏ32 நலமாக இருந்ததால் அது நிம்மதியாகத் திரும்பிப் போனது. தோல்வி என்று எதுவும் பதிவாகாததால் 16 என்ற எல்லையை நோக்கி எண்ணிக்கை நகரவே இல்லை. வாசலில் நிற்பவர் கேஸ்வாப்டிக்காகக் காத்திருக்கிறார். கேஸ்வாப்டி தன் வேலை முடிந்தது என்கிறது. பேட்ச் செய்ததெல்லாம், வேறு மீட்கத்தக்க பக்கம் இல்லாத மண்டலத்தில் காலிப் பக்கங்களையே கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொன்னதுதான்.

இந்த நிகழ்வு இரண்டு நடைமுறைப் பாடங்களையும் தருகிறது. பேட்ச்சுடன் காட்டப்பட்ட டம்ப்பில் டிஎம்ஏ32 மண்டலத்தில் சில கோப்புப் பக்கங்கள் இருப்பதாகவே எண் காட்டியது. ஆனால் முடிவெடுத்த ஃபங்ஷனுக்குக் கிடைத்தது பூஜ்யம். காரணம், இந்த எண்ணிக்கைகள் ஒவ்வொரு சிபியுவிலும் தனித்தனியாகச் சேர்ந்து பிறகே பொதுக்கணக்கில் விழுகின்றன; சில ஃபங்ஷன்கள் பொதுக்கணக்கை மட்டும் பார்க்கும், சில சிபியு பாக்கிகளையும் கூட்டிப் பார்க்கும். அதனால் சிறிய எண்களை அப்படியே நம்பக் கூடாது. விஎம் அடைவின் கீழ் உள்ள ஸ்டாட் ரீஃப்ரெஷ் என்ற கோப்பில் எழுதிவிட்டுப் பிறகு எண்களைப் படியுங்கள். இரண்டாவது, நீண்ட நேரம் தொங்கும் டாஸ்குகளை 120 வினாடியில் காட்டிக்கொடுக்கும் காவலன் இங்கே வாய் திறக்காது. வாசலில் நிற்பவர்கள் கில் செய்தால் எழக்கூடிய உறக்கத்தில் இருக்கிறார்கள். அந்தக் காவலன் அத்தகைய உறக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாஃப்ட் லாக்கப் காவலனும் உதவாது. மீட்பு லூப்கள் நடுநடுவே சிபியுவை விட்டுக்கொடுப்பதால் அதற்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆக, கர்னல் பதிவில் எச்சரிக்கை இல்லை என்பது லூப் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இனி கையில் பிடிக்கும் முறை. பிராக் அடைவில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பை இப்போது ஒரு முறையும் பத்து வினாடி கழித்து ஒரு முறையும் படியெடுத்து, பிஜிஸ்கேன், பிஜிஸ்டீல் எண்களின் வேறுபாட்டைப் பாருங்கள். முன்னது துழாவிய பக்கங்கள், பின்னது உண்மையில் கிடைத்த பக்கங்கள். சிபியு கொதிக்கிறது, ஸ்டீல் ஏறவில்லை என்றால் அது பலனற்ற லூப். இங்கே ஸ்கேன் ஏறவும் செய்யலாம், ஜியா ஹே கண்டது போல் எடுக்கவே ஒன்றுமில்லாமல் ஏறாமலும் இருக்கலாம். ஸ்கேன், ஸ்டீல் இரண்டும் வேகமாக ஏறி, கூடவே வொர்க்கிங்செட் ரீஃபால்ட் எண்ணும் ஏறினால் அது லூப்பே அல்ல. வெளியேற்றிய பக்கத்தையே மறுகணம் திரும்ப வட்டிலிருந்து படிக்கும் திணறல். சிபியு சும்மா இருக்கிறது, எண்கள் எதுவும் அசையவில்லை, ஆனால் ப்ராசஸ்கள் டி நிலையில் நிற்கின்றன என்றால் அது காத்திருப்பு. யாருக்காக என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றையும் பிரிக்காமல் கோடைத் திறப்பது வீண். முதல் வகைக்கும், நேரடி மீட்பின் வாசலில் நிற்கும் காத்திருப்புக்கும் ஸோன்இன்ஃபோ கோப்பை எடுத்து, மண்டலவாரியாகக் காலி, மூன்று குறிகள், மீட்கத்தக்க பக்கங்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி, ‘தூங்கலாமா’ என்று கேட்கும் ஃபங்ஷனும் ‘உள்ளே விடலாமா’ என்று கேட்கும் ஃபங்ஷனும் அதே எண்களுக்கு என்ன விடை தரும் என்று கையாலேயே கணக்குப் போடுங்கள். 2024-இன் கோளாறு இந்த ஒரு தாளில் அம்பலமாகிவிடும்.

மூன்றாம் வகைதான் மிகக் கடினம். சிறிய நினைவகக் கோரிக்கைகள், அதாவது எட்டுப் பக்கங்கள் வரை, தோற்கவே தோற்காது; கர்னல் கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப முயலும் என்ற எழுதப்படாத நடைமுறையின் விளைவுகளை டெட்சுவோ ஹண்டா 2014-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு ப்ராசஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு நினைவகம் கேட்கிறது. ஓஓஎம் கில்லர் கொல்லத் தேர்ந்தெடுத்த ப்ராசஸ் அதே லாக்குக்குக் காத்திருக்கிறது. அது செத்தால்தான் நினைவகம் வரும், நினைவகம் வந்தால்தான் லாக் விடுபடும். இதற்கு மிகால் ஹோக்கோ 2016-இல் ஓஓஎம் ரீப்பரைக் கொண்டுவந்தார். சாக வேண்டியவர் சாகும்வரை காத்திராமல் அவருடைய பக்கங்களை வெளியிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும் த்ரெட் அது. இன்னொரு நிகழ்வில், பட்டியலில் மிச்சமிருந்த கடைசிச் சில பக்கங்களைக் கேஸ்வாப்டி தனியே எடுத்து வைத்துக்கொண்டு கோப்பு முறைமையின் லாக்கில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் எல்லாரும் ‘தனியே எடுக்கப்பட்ட பக்கங்கள் அதிகம், சற்றுப் பொறு’ என்ற லூப்பில் நின்றார்கள். ஓஓஎம் கில்லரைக் கூப்பிடக்கூட ஆளில்லை. 2017-இல் அந்த லூப்பை, ஒரு முறை மட்டும் பொறுத்துவிட்டு வெளியேறும்படி ஹோக்கோ மாற்றினார். இவ்வகையில் சிக்கினால் ஒவ்வொரு டி நிலை ப்ராசஸின் ஸ்டேக்கையும் எடுத்து, யார் எந்த லாக்கில் நிற்கிறார், அதைப் பிடித்திருப்பவர் எங்கே நிற்கிறார் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே போக வேண்டும். அம்பு ஒன்று தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் டெட்லாக். கேஸ்வாப்டியிலோ ஒரு வொர்க்கர் த்ரெட்டிலோ போய் முட்டினால், அது ஏன் நகரவில்லை என்பதே அடுத்த கேள்வி.

இந்தச் சான்றுகளைச் சேகரிக்க, கோளாறு வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நினைவகம் தீர்ந்த கணினியில் புதிதாக ஒரு ஷெல் திறக்காது. சிஸ்ஆர்க்யூவை முழுமையாக அனுமதித்து, சீரியல் கன்சோலோ நெட்கன்சோலோ இணைத்து, கேடம்ப்புக்கு நினைவகம் ஒதுக்கி வைத்திருங்கள். தொங்கும்போது சிஸ்ஆர்க்யூவில் டபிள்யூ, எம், டி (t) எழுத்துகளை அரை நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அழுத்துங்கள். ஒரே ஒரு டம்ப்பில் லூப்பும் தற்செயலும் ஒன்றுபோலத்தான் தெரியும். பிறகு, கடைசியாக மட்டும், எஃப் எழுத்தை அழுத்தி ஓஓஎம் கில்லரைக் கையால் எழுப்புங்கள். கணினி மீண்டுவிட்டால், கோளாறு ஓஓஎம் வரை போய்ச் சேராத வழியில் இருக்கிறது. மீளாவிட்டால், கொல்லப்பட்டவர் ஏதோ லாக்கில் நிற்கிறார், அல்லது எஃப் கட்டளையை நிறைவேற்ற வேண்டிய வொர்க்கரே மாட்டிக்கொண்டிருக்கிறது. கேஷைக் கொட்டும் கட்டளையை இந்தச் சான்றுகளை எடுத்து முடிக்கும் முன் தொடவே தொடாதீர்கள். 2011 வகைக் கோளாறு அதில் மறைந்துபோகும். லூப்புக்குள் பிரிண்ட்கே போட்டுப் பார்க்கலாமே என்ற ஆசையும் ஆபத்தானது. நீண்ட நேரம் தாமதமாகும் கோரிக்கைகளை எச்சரிக்கும் ஒரு செய்தி 2016-இல் கர்னலிலேயே சேர்க்கப்பட்டது. நூறு த்ரெட்கள் ஒரே சமயத்தில் அதை அச்சிடப் போய், அந்த அச்சிடலே கணினியை முடக்குவதாகத் தெரிந்து 2017-இல் நீக்கப்பட்டது. விஎம்ஸ்கேன், ஓஓஎம் பிரிவுகளில் உள்ள டிரேஸ்பாயின்ட்களைப் பயன்படுத்துங்கள். மீண்டும் முயலும் முடிவு ஒவ்வொன்றும் எந்த மண்டலத்தைப் பார்த்து எடுக்கப்பட்டது என்பதை அவை பதிவு செய்யும்.

‘இவ்வளவு எதற்கு? எல்லா லூப்பிலும் ஓர் எண்ணிக்கை வரம்பு போட்டுவிட்டால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. இந்தியாவில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த பல்பீர் சிங் முன்னின்று எழுதி, 2008-இல் 2.6.25 கர்னலில் சேர்ந்த மெமரி கன்ட்ரோலரில் தொடக்கத்திலேயே ஐந்து முறை என்ற வரம்பு இருந்தது; 2020-இல் அது பொதுவான 16-உடன் ஒன்றாக்கப்பட்டது. பொது ஒதுக்கீட்டில் 4.7 கர்னலுக்கு முன்பு நிலைமை மோசம்: எங்கோ ஒரு பக்கம் விடுபட்டாலே ‘முன்னேற்றம்’ என்று எண்ணி கணக்கு முதலிலிருந்து தொடங்கும், முடிவே வராது. அதைத் திருத்தி 16 முறை வரம்பு வைத்தார்கள். வைத்த சில வாரங்களிலேயே எதிர்த் திசையில் புகார் வந்தது. நினைவகம் போதுமான அளவு இருக்கும்போதே ஓஓஎம் கில்லர் ப்ராசஸ்களைக் கொல்கிறது. தொடர்ச்சியாக நான்கு பக்கம் கேட்கும் கர்னல் ஸ்டேக் ஒதுக்கீடுகளுக்கு, பக்கங்களை நெருக்கி அடுக்கும் கம்பாக்‌ஷன் முடிவதற்குள் வரம்பு தீர்ந்துவிடுகிறது. 2016 ஆகஸ்டில் ஹோக்கோவே இந்தப் பின்னடைவுகளைப் பட்டியலிட்டார். கம்பாக்‌ஷன் பக்கம் விளாஸ்டிமில் பாப்கா செய்த திருத்தங்களுக்குப் பிறகுதான் அடங்கியது. ஆக வரம்பு என்பது லூப்பை நிறுத்தும். சரியான விடையைத் தராது. மேலும் 2024-இல் வரம்பு இருந்தும் லூப் நிகழ்ந்தது, ஏனென்றால் எண்ண வேண்டியவர் எண்ணவே தொடங்கவில்லை. வரம்பைத் தொடும் முன் ‘முன்னேற்றம்’ என்று இந்த ஃபங்ஷன் எதைச் சொல்கிறது என்று கேளுங்கள்.

‘ரேம் கூட்டிக்கொள், கர்னலைப் புதுப்பி’ என்பது இரண்டாவது மறுப்பு. புதுப்பிப்பது நல்லதுதான், உங்கள் கோளாறு ஏற்கெனவே திருத்தப்பட்டதாக இருக்கலாம், அதை முதலில் சரிபாருங்கள். ஆனால் தமிழ்நாட்டு நிலவரத்தில் இது முழு விடை ஆகாது. சி-டாக் சென்னை 2007-இல் வெளியிட்ட டெபியன் வழி பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்ந்து மாணவர் கைக்குப் போனது. அத்தகைய எளிய கணினிகளில் ரேம் கூட்டுவது பலருக்குக் கைக்கு எட்டாத செலவு. அவற்றில் வரும் திணறலில் கணிசமானது லூப் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஆர்டெம் தாஷ்கினோவ் எழுப்பிய விவாதம் இதைப் பற்றியதே: நான்கு ஜிபி ரேம், ஸ்வாப் இல்லை, பிரவுசரில் சில டேப்கள், கணினி நிமிடக்கணக்கில் உறைகிறது. நிரல்களின் கோடுப் பக்கங்களே வெளியேற்றப்பட்டு உடனே திரும்பப் படிக்கப்படுகின்றன. கர்னலின் பார்வையில் இது முன்னேற்றம். இதற்கு மருந்து பிழைதிருத்தம் அல்ல, 4.20 கர்னலில் வந்த பிஎஸ்ஐ அழுத்த அளவைக் கவனித்து முன்கூட்டியே செயல்படும் சிஸ்டம்டி-ஓஓஎம்டி, அல்லது காலி நினைவகத்தையும் ஸ்வாப்பையும் பார்த்துச் செயல்படும் எர்லிஓஓஎம், அல்லது 6.1-இல் சேர்ந்த எம்ஜிஎல்ஆர்யூ. ஸ்வாப்பை நீக்கினால் சரியாகும் என்ற பரவலான நம்பிக்கையை விட்டுவிடுங்கள். மேலே கண்ட 2024 லூப் ஸ்வாப் இல்லாத கணினியில்தான் பிறந்தது.

கோளாறை மீண்டும் உண்டாக்கிப் பார்க்கப் பெரிய சர்வர் தேவையில்லை. நங்கநல்லூரில் ஓர் அறையில் எட்டு ஜிபி மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பவரால் இது முடியும். கியூஇஎம்யூவில் ரேம் அளவை மாற்றி மாற்றி, டிஎம்ஏ32 பெரிதாகவும் நார்மல் மண்டலம் மிகச் சிறிதாகவும் வரும் விர்ச்சுவல் கணினியை அமையுங்கள். ஸ்வாப்பை எடுத்துவிட்டு, ஸ்ட்ரெஸ்-என்ஜி கொண்டு கோப்பு சாராப் பக்கங்களால் நிரப்புங்கள். மெமரி சிகுரூப்பின் உச்சவரம்பை வைத்துச் சோதிப்பது எளிது என்றாலும், மண்டலக் குறிகளைச் சார்ந்த லூப்கள் அங்கே வராது. அதன் மீட்புப் பாதை வேறு. லாக் வகைச் சந்தேகத்துக்கு லாக்டெப் இயக்கிய கர்னலைக் கட்டுங்கள். மீட்புக்குள் நுழைவதையே ஒரு லாக்கைப் போல அது கண்காணிப்பதால், டெட்லாக் நிகழாமலேயே அதற்கான வாய்ப்பைச் சொல்லிவிடும். திருத்தம் எழுதியபின், நீங்கள் மாற்றிய எண்ணை வேறு எந்தெந்த ஃபங்ஷன்கள் கேட்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு தீர்ப்புகளை ஒத்துப்போகச் செய்யப்போய் மூன்றாவதுடன் பிணக்கு உண்டாக்குவது மீட்புக் கோடில் எளிது.

திருத்தம் எழுத வராவிட்டாலும் புகாரை அனுப்பத் தயங்காதீர்கள். 2011, 2017 கோளாறுகளைத் திருத்தியவர்கள் வேறு, கண்டவர்கள் வேறு. கண்டவர்கள் எப்படி மீண்டும் வரவழைப்பது என்று தெளிவாகச் சொன்னதால்தான் திருத்தம் பிறந்தது. கர்னல் பதிப்பு, பத்து வினாடி இடைவெளியில் எடுத்த இரண்டு விஎம்ஸ்டாட் படிகள், முழு ஸோன்இன்ஃபோ, டி நிலை ஸ்டேக்குகள், ஸ்வாப் உண்டா இல்லையா என்ற ஒரு வரி, இவற்றுடன் லினக்ஸ் மெமரி பிரிவின் பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். ‘கணினி ஹேங்க் ஆகிறது’ என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.